“செட் ஆகும்” என்று சொல்லி விற்காதீர்கள்

பழைய சாமான் கடைக்குப் போனவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள்: “செட் ஆகும் தம்பி, பயப்படாமக் கொண்டுபோய்ப் பூட்டுங்க.” கதவுப்பிடி, பம்பர், கண்ணாடி என்றால் அந்தச் சொல்லை நம்பலாம். பிழைத்தால் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை பிடிக்கலாம். டீசல் வேனின் டர்போவுக்கும் அதே சொல்லைச் சொல்லி விற்பது பொய் என்கிறோம் நாங்கள். ஒரு குடும்பத்தின் லீசிங் காசோடு விளையாடுகிற பொய்.

எங்களில் ஒருவரின் வீட்டில் கேடிஎச் வேன் ஒன்று ஓடுகிறது. காலையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மறுகா மண்முனைப் பாலத்தால் டவுனுக்குக் கிளினிக் போற ஆக்கள், சீசனுக்குக் கதிர்காமம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை வாவியைப் பாதையில் ஏறிக் கடந்த ஊர்கள் இவை. வேன் நின்றால் அந்த வீட்டு உலையோடு பத்துப் பேரின் கிளினிக்கும் நிற்கும்.

ஒரு நாள் பாலத்து ஏற்றத்துக்கே இழுவை இல்லை. விசில் மாதிரிச் சத்தம், பின்னால் நீலப் புகை. டர்போ போய்விட்டது. இலட்சத்துக்கு மேல் கொடுத்து ஒரு கடையில் பாவித்த டர்போ ஒன்று வாங்கினோம். “கேடிஎச்சுக்கு எல்லாம் ஒண்டுதான்” என்றார்கள். ஆணித்துளை எல்லாம் அச்சொட்டாக வந்தது, உண்மைதான். ஆனால் காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற கையை எங்கட பழசில் ஒரு மெல்லிய குழாய் இயக்கியது. வந்ததில் மின் மோட்டார். வயர் கொழுவ வேனில் இடமே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கையைக் கட்டுக்கம்பியால் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இரண்டு கிழமை ஓடியது. மறுகா அதுவும் போயிற்று. கடைக்காரர் சொன்ன வரண்டி ஒரு கிழமை.

கேடிஎச் என்பது வேனின் பெயர், இஞ்சினின் பெயர் இல்லை. அதற்குள் 2494 சீசீ 2கேடியும் இருக்கலாம், 2982 சீசீ 1கேடியும் இருக்கலாம். 2கேடியிலேயே இதழ் அசைகிற டர்போ உள்ளதும் உண்டு, அசையாதது உள்ளதும் உண்டு. மிட்சுபிஷி டெலிகாவின் 4டி56க்கு வருகிற டர்போக்களிலும் சிலதுக்குத் தண்ணிக் குழாய் உண்டு, சிலதுக்கு ஒயில் குழாய் மட்டும். பழைய டொல்பினில் 3எல், 5எல் இஞ்சின் என்றால் டர்போவே கிடையாது. இதையெல்லாம் ஒரு கடைக்காரர் கண்ணால் பார்த்துத் தீர்க்க ஏலாது. தீர்க்கிறது டர்போவில் இருக்கிற இலக்கம்தான். டொயோட்டாவுக்கு 17201 என்று தொடங்கும், அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து இலக்கமோ எழுத்தோ வரும். முன்பாதி “இது டர்போ” என்று மட்டும்தான் சொல்கிறது. பின்பாதிதான் எந்த டர்போ என்று சொல்கிறது. நம்மட ஆக்கள் முன்பாதியைப் பார்த்துவிட்டே தலையாட்டுகிறோம்.

இலக்கத்தகடு கழன்ற டர்போ, இலக்கம் கிரைண்டர் பட்ட டர்போ, வெள்ளிப் பெயின்ற் அடித்துப் பளபளக்கிற டர்போ: இந்த மூன்றையும் தொடாதீர்கள். நூறாயிரம் கிலோமீற்றர் ஓடின சாமான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றால் யோசிக்க வேண்டாமா?

“அப்ப புதுசு வாங்குங்களன்” என்று சொல்கிறவர்களோடும் எங்களுக்குக் கோபம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் 200 ரூபாவில் நின்ற டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. 2025இல் இறக்குமதியைத் திறந்தபோது வரி நம்மட ஆக்களின் கைக்கு எட்டாத உயரத்தில். பழைய வேனைப் பழைய சாமானால் ஓட்டுவதை விட்டால் படுவான்கரையில் ஹயர் ஓடுகிறவருக்கு வேறு வழி இல்லை. பஞ்சிகாவத்தை இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதி வாகனம் மேட்டில்தான் நிற்கும். பாவித்த சாமானை நாங்கள் குறை சொல்லவில்லை. இலக்கமும் பில்லும் இல்லாமல் விற்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறோம்.

அடுத்த குற்றவாளி நாங்கள்தான். பழைய டர்போ ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. டர்போவின் சாஃப்ட் நிமிசத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது தலைமயிரிலும் மெல்லிய ஒயில் படலம். ஒயில் வராவிட்டால் ஜப்பானில் இருந்து நேரே இறங்கின புத்தம் புதுசும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். எங்கட வேனில் இரண்டாவது டர்போவும் போன பிறகுதான் ஒரு வயதான பாஸ் சம்பைக் கழட்டச் சொன்னார். ஒயிலை உறிஞ்சுகிற வலை கரியால் அடைத்துக் கிடந்தது. இஞ்செக்டர் அடியில் இருக்கிற செப்பு வோஷர் லீக் ஆகினால் எரிபுகை மேலே ஏறி ஒயிலில் கலக்கும், அது கீழே கரியாகப் படியும். கேடி இஞ்சின்களுக்கு இது பேர்போன வருத்தம். வோஷரின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். டர்போ உடைந்து ஒயில் காற்றுக் குழாய்க்குள் இறங்கினால் டீசல் இஞ்சின் அந்த ஒயிலையே எரித்து ஓடத் தொடங்கும். திறப்பைத் திருப்பினாலும் நிற்காது, கத்திக்கொண்டே வேகம் கூடும். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெளியே இரண்டு பக்கமும் வாவி. கட்டுக்கம்பியால் கட்டினவருக்கு அது ஞாபகம் வந்திருக்குமா?

ஆகவே கடையில் வெட்கப்படாமல் நில்லுங்கள். பழைய டர்போவைக் கையோடு கொண்டுபோய் இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மிகக் கொஞ்சம் ஆடலாம். உள்ளே வெளியே தள்ளினால் கைக்குத் தெரிகிற அசைவு இருக்கக்கூடாது. இறக்கை சுவரில் உரசக்கூடாது, அதன் விளிம்பில் கடிபட்ட தழும்பு இருக்கக்கூடாது. பூட்டும்போது ஒயில் குழாயைப் புதுசாகப் போடுங்கள், இல்லையென்றால் கரி போகக் கழுவுங்கள். ஒயில் துளையில் சிலிக்கன் பசை பூச விடாதீர்கள், அதன் துணுக்கே துளையை அடைக்கும். ஸ்டார்ட் பண்ண முதல் துளைக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றுங்கள். உங்கட டர்போவின் கூடு நல்லாயிருந்தால் நடுத்துண்டை மட்டும் மாற்றலாமா என்றும் கேளுங்கள்; கூடு உங்களுடையது என்றால் பொருத்தத்தில் பாதிக் கரச்சல் தீர்ந்தது.

பில் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கத்தான் வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதில் “டர்போ 1” என்று எழுத விடாதீர்கள், முழு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை. ஏமாற்றினால் 1977க்கு அடியுங்கள்.

செத்த டர்போவைக் கராஜில் விட்டுவிட்டும் வராதீர்கள். எங்கட முதல் டர்போவை விட்டுவிட்டுத்தான் வந்தோம். அடுத்த மாதம் போனபோது அது அங்கே இல்லை. வெள்ளிப் பெயின்ற் ரின் ஒன்றுதான் மேசையில் இருந்தது.