முதுகு நிமிராத தொழுகையும் முதுகுவலி மருந்தும்

"ஐவேளைத் தொழுகையாளிக்கு முதுகுவலி வராது" என்னும் பேச்சு நம் மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் சுற்றி வருகிறது. தொழுது முடித்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதை ஒவ்வொரு ஜமாஅத்திலும் கண்ணாரக் கண்ட பின்னரும் இதைச் சொல்ல நாம் கூசுவதில்லை. மார்க்கத்தின் பெயரால் தரப்படும் இந்த மருத்துவ உறுதிமொழிக்குக் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரம் கிடையாது. அல்லாஹ்வை நினைவுகூர்வதற்காகக் கடமையாக்கப்பட்டதைத் தைலம்போல் விளம்பரம் செய்வது எப்படி அழைப்புப் பணியாகும்?

சரி, பயன் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தொழுகைக்கு அந்தப் பயன்? நபி (ஸல்) அவர்கள் ருகூவில் தலையை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் நடுநிலையில் வைத்திருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். எழுந்து நின்றால் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தன் இடத்துக்குத் திரும்பும்வரை நிமிர்ந்து நின்றதை அபூ ஹுமைத் (ரலி) விவரித்துள்ளார்கள். அவசரமாகத் தொழுத ஒருவரை, நீர் தொழவே இல்லை என்று சொல்லி மீண்டும் மீண்டும் தொழ அனுப்பினார்களே, அது நமக்கான பாடமில்லையா? ஒவ்வொரு நிலையிலும் உறுப்புகள் அசைவற்று நிலைபெறுவது ஷாஃபிஈ மத்ஹபில் ருக்னு; ஹனஃபி மத்ஹபிலோ வாஜிப்.

நம் ருகூவைப் பாருங்கள். முழங்கால் மடங்கியிருக்கிறது, முதுகு வில்லாய் வளைந்திருக்கிறது, தலை தொங்குகிறது. இஃதிதாலில் தோள் பாதி உயர்வதற்குள் ஸுஜூதுக்குச் சரிகிறோம். ரமளானில் தராவீஹை யார் விரைவாக முடிக்கிறாரோ அந்த ஹாஃபிழுக்கே கூட்டம்! (நோயாளியையும் முதியவரையும் சொல்லவில்லை. நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்து தொழுமாறு இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட சலுகை அவர்களுக்கும் உண்டு. நாற்காலியை அவர்களிடமிருந்து எவரும் பறிக்க வேண்டாம்.)

ஒரு நாளின் ஃபர்ளுகளில் 17 ருகூவு, 34 ஸுஜூது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. எஞ்சிய நேரமெல்லாம் கைப்பேசியின்மேல் கவிழ்ந்து கிடக்கும் கழுத்தை அது எப்படிக் காப்பாற்றும்? மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது முன்னே சாயச் சாய, கழுத்துத் தசைகள் தாங்கும் பாரம் பன்மடங்காகிறது. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்ற நபிமொழியை நோன்பைப் பற்றிப் பேசும்போது மட்டுமா நினைப்பது?

எங்கள் மக்தபுகளும் இதில் பங்காளிகளே. தரையில் சம்மணமிட்ட பிள்ளையின் முன்னே தாழ்ந்த ரேஹாலை வைத்து, ஒரு மணி நேரம் கூனவைத்து ஓதவைக்கிறோம், அசைந்தால் அதட்டுகிறோம். எவ்வளவு நல்ல நிலையாயினும் நெடுநேரம் அப்படியே இருந்தால் உடல் இறுகும். பாடத்தின் நடுவே இருமுறை பிள்ளைகளை எழுப்பி, நின்றபடி மனனப் பாடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? பெற்றோரே, உங்கள் பிள்ளை ருகூவு செய்கையில் ஒரு நாள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடுப்பிலிருந்து குனிகிறதா, முதுகை வளைக்கிறதா என்பது உடனே தெரியும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, புதிய கம்பளத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் ஜும்ஆவில் வசூல் அறிவிக்கிறீர்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக முஸ்ஹஃப் நிற்கும்படி உயர்ந்த பலகைகள் செய்ய என்ன செலவாகும் என்று ஒரு தச்சரிடம் இதுவரை கேட்டதுண்டா?