வாரத்துக்கு ஒரு பக்கம்

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சித்திரக்கதை வரைவதையே தம் தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் எழும் வாதம் பெரும்பாலும் இப்பழமொழியைச் சுற்றியே நிகழ்கின்றது. பிள்ளை சித்திரத்தைப் பற்றிப் பேசுகின்றது. பெற்றோர் சுவரைப் பற்றிப் பேசுகின்றனர். “ஒரு வருடம் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்” என்பது ஒரு சாராரின் வேண்டுகோள். “அந்த ஒரு வருடத்தில் நீ என்ன செய்து முடிப்பாய்?” என்பது மறுசாராரின் வினா. வினா நியாயமானதே. அதற்குத் தக்க விடை கிடைக்காமையால் வேண்டுகோள் மறுக்கப்படுகின்றது. அன்றேல் மனத்தாங்கலோடு அனுமதிக்கப்பட்டு, ஆண்டு முடிவில் இரு சாராருக்கும் ஏமாற்றத்தையே தருகின்றது. அவ்வினாவுக்குரிய விடை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில், சுயாதீனமாகச் சித்திரக்கதை வெளியிடுதல் என்பதன் பொருளை உணர்தல் நன்று. அமெரிக்காவின் பெரிய சித்திரக்கதை நிறுவனங்களில் கதை எழுதுபவர் ஒருவர். பென்சிலால் வரைபவர் வேறொருவர். அதன்மேல் மையிடுபவர், எழுத்துப் பொறிப்பவர், வர்ணந் தீட்டுபவர் என ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி ஆள் உண்டு. சுயாதீனமாக இயங்குபவரோ இவை யாவற்றையும் தாமே செய்து, அச்சுக்கூலியையும் தாமே கொடுத்து, விற்பனையையும் தாமே கவனிக்க வேண்டியவராகின்றார்.

இத்துணைச் சுமையை ஒருவர் ஏன் விரும்பி ஏற்கவேண்டும்? படைப்பின் உரிமை தம்மிடமே நிலைத்தல் வேண்டும் என்பதற்காகவே. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் தாம் படைத்த சூப்பர்மேன் என்னும் பாத்திரத்தின் உரிமையை 1938ஆம் ஆண்டில் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அப்பாத்திரம் பின்னர் ஈட்டிய பெருஞ்செல்வம் பிறருடையதாயிற்று. இதற்கு மாறாக, கெவின் ஈஸ்ட்மன், பீற்றர் லெயார்ட் என்னும் இருவர், திரும்பக் கிடைத்த வரிப்பணத்தையும் உறவினர் ஒருவரிடம் பெற்ற கடனையும் முதலாகக் கொண்டு, 1984 மே மாதத்தில் ஒரு சித்திரக்கதை நூலை ஏறத்தாழ 3,000 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டனர். நான்கு ஆமைகள் போர்வீரராகித் தீயோரை எதிர்க்கும் அக்கதையின் உரிமை 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6 கோடி டொலருக்கு வயகொம் நிறுவனத்துக்குக் கைமாறியது.

இச்செய்தியைக் கேட்கும் இளைஞர் உள்ளம் துள்ளுதல் இயல்பு. ஆயின், இதனைத் தம் திட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்வது, லொத்தர்ச் சீட்டிலே பரிசு பெற்ற ஒருவரைப் பார்த்து நம் குடும்பச் செலவைத் திட்டமிடுவதை ஒக்கும். பின்பற்றத்தக்க முன்மாதிரி வேறொன்று உண்டு.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரில் வாழ்பவர் ஜெஃப் ஸ்மித். ‘போன்’ என்னும் நெடுங்கதையைத் தாமே எழுதி, தாமே வரைந்து, தாமே தொடங்கிய பதிப்பகத்தின் மூலம் 1991ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினார். 55 இதழ்களில் வளர்ந்த அக்கதை 2004ஆம் ஆண்டில் நிறைவெய்தி, 1,300க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரே நூலாகவும் வெளிவந்தது. இன்று அது உலகெங்கும் சிறுவரும் பெரியவரும் விரும்பிப் படிக்கும் நூல்.

இந்த எண்களைச் சற்றே வகுத்துப் பார்ப்போம். 13 ஆண்டுகளில் 1,300 பக்கங்கள் என்றால் ஆண்டுக்குச் சராசரி 100 பக்கங்கள். அதாவது வாரத்துக்கு இரண்டு பக்கங்கள். தேர்ந்த கை, வேறு தொழில் செய்யாது இதனையே தொழிலாகக் கொண்டு உழைத்தபோது கிடைத்த அளவு இது. மலையென நம்மை மலைக்கவைக்கும் நூல், வாரத்துக்கு இரண்டு கல்லாக அடுக்கப்பட்டதேயாம்.

மற்றுமோர் உண்மையும் இங்கே கவனிக்கத்தக்கது. 1991ஆம் ஆண்டின் முதல் இதழ் வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. ஸ்மித் 1982 தொடக்கம் 1986 வரை தமது பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையிலே, பின்னர் ‘போன்’ கதையில் இடம்பெற்ற அதே பாத்திரங்களை வைத்துச் சிறு சித்திரத் தொடர் வரைந்தவர். அதன் பின்னர் நண்பர்களுடன் சேர்ந்து அசைபடக் கூடமொன்றை நடத்தியவர். கனடா தேசத்துச் சித்திரக்கதைக்காரரான டேவ் சிம் என்பவரும் அவ்வாறே. தமது ‘செரிபஸ்’ கதையை 1977 டிசெம்பரில் தொடங்கிய அவர், அது 300 இதழ்கள் வரை செல்லும் என்று உறுதிபூண்டது 1979ஆம் ஆண்டிலேதான். சில இதழ்களை வெளியிட்டுத் தம் கையின் வேகத்தை அறிந்துகொண்ட பின்னரே நெடும்பயணத்துக்குச் சபதம் செய்தார். 2004 மார்ச்சில் 300ஆவது இதழை வெளியிட்டுச் சொன்னதைச் செய்துகாட்டினார்.

நம் இளைஞர் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். பன்னிரண்டு பாகங்களில் விரியும் மகா காவியத்தை மனத்திலே வகுத்து, அரசர்களுக்கும் அரக்கர்களுக்கும் பெயர் சூட்டி, தேசப்படம் வரைந்து, உயர்ந்த விலையில் கருவிகள் வாங்கி, முதற் பாகத்தின் பதினைந்தாம் பக்கத்திலே கை ஓய்ந்து நின்றுவிடுகின்றனர். ஆற்றல் இன்மையால் நின்றவர் அல்லர் இவர்; கணக்கு இன்மையால் நின்றவர். ஆயினும் ‘எனக்கு இது வராது’ என்னும் தவறான முடிவுக்கு அவர் வந்துவிடுவதே இதிலுள்ள பேரிழப்பு.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குவோம். பகலிலே கல்வியோ உத்தியோகமோ உள்ள ஒருவர், வார நாட்கள் ஐந்திலும் இரவில் ஒவ்வொரு மணி நேரமும், சனி ஞாயிறு இரு நாட்களிலுமாக ஐந்து மணி நேரமும் ஒதுக்கினால், வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைக்கும். கதையை எழுதி, கட்டம் பிரித்து, மாதிரி வரைந்து, பென்சிலால் தீட்டி, எழுத்துப் பொறித்து, மையிட்டு ஒரு பக்கத்தை முடிக்கத் தொடக்க நிலையில் உள்ளவருக்குப் பத்து மணி நேரம் வேண்டும் என வைத்துக்கொள்வோம். எனவே வாரத்துக்கு ஒரு பக்கம்.

அங்ஙனமாயின் ஆண்டுக்கு 52 பக்கங்கள் அல்லவா என்று கேட்கலாம். அன்று. பாடசாலை ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் வேலைத்திட்டம் தயாரிக்கும்போது 365 நாட்களையும் கணக்கில் எடுப்பதில்லை. சனி ஞாயிறு, போயா தினங்கள், தவணை விடுமுறைகள் ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவன ஏறத்தாழ 200 நாட்களே என்பதை அவர் அறிவார். சித்திரக்கதைக்காரரும் அவ்வாறே கழித்தல் வேண்டும். பரீட்சை வரும்; காய்ச்சல் வரும்; உறவினர் வீட்டுக் கலியாணமும் இழவும் வரும்; காரணமின்றியே கை இணங்காத வாரங்களும் வரும். இவற்றுக்காகப் பன்னிரண்டு வாரங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் எஞ்சுவன 40 வாரங்கள். இவ்வொதுக்கீடு சோம்பலுக்கு இடங்கொடுப்பதன்று. தவறிய வாரம் திட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால், தவறியவர் மனமுடைந்து திட்டம் முழுவதையும் கைவிட வேண்டிய நிலை ஏற்படாது.

இந்த 40 வாரங்களையும் ஒரு தைப்பொங்கலிலிருந்து அடுத்த தைப்பொங்கல் வரை பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்.

முதற் பன்னிரண்டு வாரங்களில் இரண்டு சிறுகதைகள்: ஒன்று 4 பக்கம், மற்றது 8 பக்கம். இவை விற்பதற்காக அல்ல, முடிப்பதற்காக. ஒரு கதையைத் தொடங்குபவர் அறியாத பலவற்றை அதை முடிப்பவர் அறிவார். பேச்சுக் குமிழிக்குப் போதிய இடம் விடாமையால் எழுத்துகள் நெருக்குண்பதையும், முதற் பக்கத்தில் இருந்த முகம் ஆறாம் பக்கத்தில் வேறொருவர் முகமாய் மாறிவிடுவதையும், கதையின் முடிவு முன்னரே தீர்மானிக்கப்படாவிடின் கடைசிப் பக்கம் கால் இடறுவதையும் வேறு எந்த ஆசானும் இவ்வளவு தெளிவாய்க் கற்பிக்க இயலாது.

அடுத்த 24 வாரங்களில் 24 பக்கங்கள் கொண்ட ஒரே கதை. ஏன் 24? ஒரு தாளை நடுவே மடித்தால் 4 பக்கங்கள் உண்டாகும். அத்தாள்களை அடுக்கி நடுவிலே கம்பி தைப்பதே சிறுநூல் கட்டும் எளிய முறை. ஆதலின் பக்கத் தொகை நான்கின் மடங்காக அமைதல் வேண்டும். இதனை அறியாது 25 பக்கம் வரைந்தவர், அச்சுக்கூடத்திலே மூன்று வெற்றுப் பக்கங்களுக்கும் விலை கொடுக்க நேரும்.

எஞ்சிய நான்கு வாரங்கள் அட்டைப் படத்துக்கும், பிழை திருத்தத்துக்கும், அச்சுக்கும் உரியன. 3,000 பிரதிகள் அச்சிட்டுக் கடன்பட வேண்டிய அவசியம் இன்று இல்லை. டிஜிற்றல் அச்சு முறையில் 50 அல்லது 100 பிரதிகள் மட்டும் அச்சிடலாம். இணையத்தில் வெளியிடுவதாயின் கடதாசிச் செலவும் இல்லை. எதுவாயினும் நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுதலே முறை. யப்பானில் 1975 டிசெம்பர் 21ஆம் நாள் 32 குழுக்கள் தாமே அச்சிட்ட நூல்களோடு ஒரு சந்தையைத் தொடங்கின. அன்று வந்தோர் ஏறத்தாழ 700 பேர். ஆண்டுக்கு இரு முறை கூடும் அச்சந்தைக்கு இன்று இலட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். அங்கே நூல் விற்போர் சந்தை நாளிலிருந்து பின்னோக்கி அச்சு நாளையும், அச்சு நாளிலிருந்து பின்னோக்கி வரையும் நாட்களையும் எண்ணிக்கொள்ளல் வேண்டும். நாள் குறிக்கப்படாத நூல் முடிவதும் அரிது.

இனிச் சுவரைப் பற்றிச் சிறிது கூறுவோம். மேற்கூறிய திட்டத்திலே கல்வியை நிறுத்துக என்றோ உத்தியோகத்தை விடுக என்றோ கூறவில்லை. முதலாண்டில் அதற்கு அவசியமும் இல்லை. ஜெஃப் ஸ்மித்தின் மனைவியார் விஜயா ஐயர் தமது உத்தியோகத்தை விட்டுப் பதிப்பகத்தின் நிர்வாகத்தை ஏற்றது உண்மை. கணக்கு, அச்சு, கடைகளின் கட்டளைகள் யாவும் அவர் பொறுப்பாயின. கணவர் மேசையிலே அமர்ந்து வரைய முடிந்தது. ஆனால் அத்தீர்மானம் இதழ்கள் வெளிவந்து, வாசகரைப் பெற்று, வேலை ஒருவருடைய கைக்கு மீறிய பின்னர் எடுக்கப்பட்டது. நூல் வெளிவருமுன் வேலையை விடுவது துணிவு என்று கருதப்படலாம். ஆயின் அத்துணிவுக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலுள்ள மற்றவர்களே.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. அவர்கள் பணங்கொடுக்க வேண்டுவதில்லை. இரவிலே ஒரு மணி நேரம் ஒரு மேசையையும் ஒரு விளக்கையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாற் போதும். அந்த ஒரு மணி நேரத்திலே கடைக்கு அனுப்பாதிருத்தலும், வந்த விருந்தினர் முன் ‘இவன் பொம்மை கீறுகிறான்’ என்று நகையாடாதிருத்தலும் பேருதவியாகும். வாரந்தோறும் ஞாயிறு மாலையில், முடிந்த பக்கத்தைக் காட்டுமாறு கேட்கலாம். நன்று, தீது என்று தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. எண்ணிக்கையை மாத்திரம் கவனித்தால் போதுமானது.

அடுத்த தைப்பொங்கலில் அம்மேசையின்மேல் முப்பத்தாறு பக்கங்களும் ஒரு சிறுநூலும் இருக்குமாயின், ‘என்ன செய்து முடிப்பாய்?’ என்னும் வினாவுக்குச் சொல்லால் விடை கூற வேண்டிய தேவை இராது. பன்னிரண்டு பக்கங்களே இருப்பினும் அதுவும் ஒரு விடையே. மறு ஆண்டுக் கணக்கை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கமும் இல்லையெனில், அப்பிள்ளைக்குச் சித்திரக்கதையைப் படிப்பதிலேதான் விருப்பம், வரைவதில் அன்று என்னும் உண்மையை யாரும் கடிந்துரைக்காமலே அப்பிள்ளை அறிந்துகொள்ளும். உத்தியோகமும் கல்வியும் அப்போதும் அதன் கையில் இருக்கும். எவ்விடை வரினும் சுவர் இடியாதிருத்தலே இத்திட்டத்தின் நோக்கம்.

ஆதலால் சித்திரக்கதை வரைய விரும்பும் இளைஞர்கள் பெற்றோரிடம் கேட்க வேண்டியது ஓராண்டு விடுதலையன்று. நாள்தோறும் ஒரு மணி நேரம். அதைக் கேட்பதற்கு முன், ஒரு தாளிலே நாற்பது சிறு கட்டங்கள் கீறிச் சுவரில் ஒட்டுக. முடிந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டத்தை மையால் நிரப்புக. முதற் கட்டத்தை இந்த வாரத்திலேயே நிரப்பலாம்.