அண்ணனுக்குப் பாலாபிஷேகம்!



ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பெரியப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் தோளில் காண்டா, இருபுறமும் நிறைந்த பால் வாளிகள். மழை பெய்து ஓய்ந்த பாதையெல்லாம் சேறு. ஸ்டோருக்கு இன்னும் பத்தடிதான்; கால் வழுக்கிவிட்டது! மனிதர் மல்லாந்து கிடக்கிறார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைவெளேர் என்று பால். பின்னால் வந்த அத்தை ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா! இன்னைக்கு அண்ணனுக்குப் பாலாபிஷேகம்!" என்றார்.

பெரியம்மா மூன்று நாள் அவர் தலைமுடியில் கித்தா பிய்த்தார். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யார் பாலைக் கொட்டினாலும் அது பாலாபிஷேகம்தான்.

சொல் கட்டுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதைத் துரை 'பரேட்' என்றார். நாம் 'பெரட்டு' என்றோம். மலாய்க்காரர் 'கெத்தா' என்றதைக் 'கித்தா' ஆக்கினோம். அவர்களுடைய 'காண்டார்' நம் தோளில் ஏறியதும் 'காண்டா' ஆனது. அகராதியைப் பார்த்தா செய்தோம்? வேலைக்குச் சொல் தேவைப்பட்டது, வாய் கொடுத்தது. அப்படியானால், வேலையில் நடக்கும் கோளாறுகளுக்கும் நாமே பெயர் வைத்தால் என்ன? இதோ, என் பங்குக்குச் சில:

தச்சுவெட்டு: பட்டையை மட்டும் சீவ வேண்டிய கத்தி, கட்டைவரை இறங்கிவிடுவது. அங்கே காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஒழுங்காக ஓடாது.

வருணன் பங்கு: இருட்டோடு எழுந்து, நிரை முழுவதும் வெட்டி முடித்து, மங்கு நிறையும் நேரம் பார்த்து மழை கொட்டுவது.

எறும்புப் பரதம்: செம்பனை மட்டையை வெட்டியதும் செவ்வெறும்புகள் சட்டைக்குள் இறங்க, தாளமில்லாமல் ஆடுவது.

குலைக்கும்பிடு: நீண்ட கழியில் பூட்டிய அரிவாளால் அறுத்த செம்பனைக் குலை, நினைத்த பக்கம் விழாமல் நம் பக்கமே வர, குனிந்தபடி ஓடுவது. ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். ஆகவே கும்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள், ஓடுங்கள்!

சூளைத் தீபாவளி: இது நம்மூர் மண்பாண்டத் தொழிலாளருக்கு. சரியாகக் காயாத பானையைச் சூளையில் வைத்தால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பானையை வெடிக்க வைத்துவிடும்.

இப்படிப் பெயர் வைப்பது நமக்கு மட்டும் உள்ள குணமா? இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையினர், இயந்திரம் காரணமில்லாமல் மக்கர் செய்தால் அது 'கிரெம்லின்' என்ற குட்டிப் பிசாசின் வேலை என்று சொல்லிச் சிரிப்பார்கள். எழுத்தாளர் ரோல்ட் டால் 1943-இல் அந்தப் பிசாசுகளை வைத்து ஒரு கதைப் புத்தகமே எழுதினார்.

தவறுக்குச் சிரிப்பான பெயர் இருந்தால் அதை வெளியில் சொல்ல வெட்கமிருக்காது. புதிதாக வந்த பையனிடம் "பார்த்து வெட்டு" என்று நூறு முறை சொல்வதைவிட, "தச்சுவெட்டு போடாதேடா" என்று ஒருமுறை சொன்னால் மறக்கமாட்டான். ஆனால் சிரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பிசாசின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மட்டும் இயந்திரம் ஓடிவிடாது. பழுதையும் பார்த்தாக வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அன்று பெரியப்பா எழுந்து நின்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். இடுப்பில் பட்ட அடியை மட்டும் சொல்லவில்லை. "அபிஷேகத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்று மறுபடியும் சிரிப்பார்களே என்ற கூச்சம். கிராணியின் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் காண்டா தூக்க முடியாமல் அவர் வீட்டோடு உட்கார்ந்தபோது, அது வேலையில் பட்ட அடி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இல்லை. எங்கள் சிரிப்பு அவர் வாயை அடைத்துவிட்டது.

உங்கள் வீட்டில் அப்படி நடக்க விடாதீர்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971-இல் தொடங்கப்பட்ட 'சொக்சோ' இருப்பது இதற்காகத்தான். வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் அதைச் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நேரும் விபத்தும் அதில் சேரும். ஆனால் நீங்கள் வாய் திறந்து சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? அன்றே சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்தில் ஒருவர் விழுந்தால் முதலில் கைகொடுத்துத் தூக்குங்கள். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். பெயர் வைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அபிஷேகம் சாமிக்கு, மனிதருக்கு மருந்து!

சரி, இனி உங்கள் முறை. தோட்டத்தில், தொழிற்சாலையில், கடையில், அடுப்படியில் நீங்கள் கட்டிய புதுச் சொற்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்ந்து சிரிப்போம்.