வெட்கம் யாருக்கு?

2018-ஆம் வருஷக் கடைசியில் சாத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட சேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இரத்தத்தைக் கொடுத்தவன் 19 வயதுப் பிள்ளை. நல்லெண்ணத்தோடு கொடுத்தான். பிறகு வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில் தனக்குக் கிருமி இருப்பது தெரிந்தவுடன், தானே முன்வந்து ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்தான். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. சோதித்துத் தள்ள வேண்டிய இரத்தத்தைத் தள்ளாமல் விட்டவர்கள் பெரியவர்கள். விஷமுண்டு மாண்டவன் அந்தப் பையன்.

அவன் சாகவேண்டிய அவசியம் என்ன? இந்நோய்க்குக் கூட்டு மருந்து 2004 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இனாமாகக் கொடுக்கப்படுகின்றது. தவறாமல் உட்கொண்டால் நெடுநாள் வாழலாம். சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கி நின்றால், சேர்க்கையினால் பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆகவே அவனைக் கொன்றது கிருமியல்ல, ஊரார் வாயே என்றுதான் நாம் கருதுகின்றோம்.

நிற்க, நமது விருத்தாசலத்தைப் பாருங்கள். பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன இவ்வூரில் ஒரு சட்டி வாங்குகின்றவனும் தட்டிப் பார்த்தே வாங்குகின்றான். கலியாணத்துக்கோ பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். செவ்வாய் தோஷம் பார்க்கின்றோம். இருவரும் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டால் என்ன என்று ஒருவன் கேட்டால், குடிகெடுக்க வந்தவன் என்கின்றோம். மாசி மகத்தில் மணிமுத்தாற்றில் முழுகினால் பாவம் போகுமாம். பாவம் போகின்றதோ இல்லையோ, கிருமி போகாது!

பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது ஆபாசமாம். தேவர்களின் லீலைகளைக் கோபுரத்தில் பொம்மையாக்கி வைத்துக் கும்பிடுவது மட்டும் பக்தியாம்! 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள், கலாச்சாரம் கெடும் என்று சொல்லிப் பள்ளிக்கூடங்களில் இளம்பருவக் கல்வியையே நிறுத்தின. பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால், பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலும் கைப்பேசியிலும் கற்றுக்கொள்ளுகின்றார்கள். பெண்பிள்ளையின் கதியோ இன்னும் மோசம். 18 வயது ஆகுமுன்னே தாலி கட்டிவிட்டால், உறை அணிந்துகொள் என்று புருஷனிடம் சொல்ல அவளுக்கு வாய் ஏது?

இனி, பழி யார் தலையில் விழுகின்றது பாருங்கள். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும், இந்தியாவில் முதன்முதல் இக்கிருமியைப் பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்கள் சிலரின் இரத்தத்தில் கண்டார்கள். உடனே அப்பெண்களே நோய்க்குக் காரணம் என்றாகிவிட்டது. அவர்களைத் தேடிப்போன கனவான்களைப் பற்றிப் பேச்சே இல்லை! அமெரிக்காவும் இதில் இளைத்ததல்ல. 1990-இல் ஹெய்தி நாட்டுக் கருப்பர்கள் எவரும் இரத்தம் கொடுக்கலாகாது என்றது. ஆயிரக்கணக்கானோர் நியூயார்க் வீதிகளில் திரண்டு எதிர்த்த பிறகே, அவ்வருஷக் கடைசியில் அதைக் கைவிட முன்வந்தது. இரத்தத்தைச் சோதிக்க வழியிருக்கப் பிறப்பைப் பார்த்துத் தள்ளுவதுதானே நமது நாட்டுத் தீண்டாமையும்? தொட்டால், கூட உண்டால், ஒரே டம்ளரில் குடித்தால் இந்நோய் ஒட்டாது. அப்படியிருந்தும் நோயுற்ற வீட்டுப் பிள்ளையைத் தனியே உட்கார வைப்பது எந்த நியாயம்? 2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள சட்டம், பள்ளியிலும் வேலையிலும் ஆஸ்பத்திரியிலும் இவர்களை ஒதுக்கக்கூடாது என்கின்றது. சட்டம் வந்தும் நமது புத்தி வரவில்லை!

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். வயதுக்கு வந்த மகனிடமும் மகளிடமும் வீட்டிலேயே உண்மையைப் பேசுங்கள். சந்தேகமிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியிலுள்ள நம்பிக்கை மையத்தில் இனாமாகவும் இரகசியமாகவும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1097 என்ற எண்ணுக்குப் பேசினால் காசில்லாமல் விவரம் கிடைக்கும். நோயுள்ள பிள்ளை வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். அந்தப் பையனுக்கு அப்படிச் செய்ய ஓர் ஊர் இருந்திருந்தால் அவன் இன்றும் இருந்திருக்கலாம். வெட்கப்பட வேண்டியவன் அவனல்ல; வாயை மூடிக்கொண்டிருந்த நாமே!