கிரகணத்தின் மேல் பழியைப் போடாதீர்கள், ரத்தத்தைக் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு இந்த ஜனவரியில் ஆண் குழந்தை பிறந்தது. மேல் உதட்டில் பிளவு. பார்க்கப் போனவர்கள் குழந்தையைப் பார்த்ததைவிடத் தாயைத்தான் அதிகம் பார்த்தார்கள். "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா? அரிவாள்மனையைத் தொட்டியா?" பச்சை உடம்புக்காரி பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேட்டவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. அந்தச் சந்திர கிரகணம் வந்தது 2025 செப்டம்பர் 7. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். கருவில் மேல் உதடு கூடுவது நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். அண்ணம் மூடுவது ஒன்பதாம் வாரத்துக்குள். நாள் தள்ளியிருக்கிறதா என்று பல பெண்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் காலம் அது. செப்டம்பரில் காய் நறுக்கினால் ஜூனில் கூட வேண்டிய உதடு எப்படிப் பிளக்கும்? உலகத்தில் சுமாராக 700 குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணம் தெரிந்த ஊரிலும் பிறக்கிறது, தெரியாத ஊரிலும் பிறக்கிறது.

பின் எதனால்? 1942-லேயே டென்மார்க்கில் ஃபோக் ஆண்டர்சன் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்து, இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று காட்டினார். 2002-இல் ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். வான் டெர் வூட் என்ற வகைப் பிளவுக்கு அதில் ஏற்படும் மாற்றமே முக்கியக் காரணம். அதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரே கருவிலிருந்து பிறந்த ஓர் இரட்டையர் ஜோடி. ஒரு பிள்ளைக்குக் குறை இருந்தது, மற்றதுக்கு இல்லை. ஒரே வயிறு, ஒரே சாப்பாடு, ஒரே வானம்! வித்தியாசம் அந்த மரபணுவில் ஒரே ஒரு இடத்தில்தான்.

இதைப் படித்ததும் சிலர், "அப்படியானால் அவள் வீட்டு ரத்தத்தில்தான் கோளாறு" என்று ஆரம்பிப்பீர்கள். தெரியும். கிரகணத்தை இறக்கிவிட்டு அந்தப் பல்லக்கில் மரபணுவை ஏற்றாதீர்கள். மரபணு அப்பாவிடமிருந்தும் பாதி வருகிறது. சில மாற்றங்கள் இருவரிடமும் இல்லாமல் கருவிலேயே புதிதாக உண்டாகின்றன. பெரும்பாலான பிளவுகளில் பல மரபணுக்களும், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் போன்றவையும் கலந்தே வேலை செய்கின்றன. (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.)

என் கோபம் இதோடு முடியவில்லை. மருத்துவர்கள் குடும்ப வரலாறும், அப்பா அம்மா இருவரின் ரத்தமும் கேட்டிருக்கிறார்கள். அம்மா கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மறுக்கிறார்கள். "பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரிந்தால் என்ன ஆவது?"

என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். குறையில்லாத பெற்றோருக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறந்தால், அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு 100-க்குச் சுமார் 4. ஆனால் பெற்றோரில் ஒருவருக்குக் கீழ் உதட்டில் இரண்டு சிறு குழி இருந்து, அது வான் டெர் வூட் வகையாக இருந்தால், அந்த மரபணு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. போன எல்லாருக்கும் உதடு பிளக்காது. ஆனாலும் 4-க்கும் 50-க்கும் எவ்வளவு தூரம்! வரன் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கும் நாளைக்கு இது உதவும்.

"ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமே, ஆராய்ச்சி எதற்கு?" என்கிறார் ஒரு பெரியவர். ஆபரேஷன் இந்தக் குழந்தைக்கு. ஆராய்ச்சி அடுத்த குழந்தைக்கு. 2009-இல் ஐரோப்பியரிடம் வலுவாகத் தெரிந்த 8-ஆம் குரோமோசோம் பகுதி, அடுத்த ஆண்டு ஆய்வில் ஆசியரிடம் அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. வேறு இரண்டு இடங்கள் தெரிந்தன. நம் வீட்டுக் கணக்கை டென்மார்க் ரத்தத்தை வைத்துப் போட முடியாது. என்ன பரிசோதனை, யார் பார்ப்பார்கள், பெயர் வெளியே வருமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டுத் தெளிந்து கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவு பேசும் நான் யோக்கியமா? 1986-இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். உதடு தைத்திருந்தது, பேச்சு மூக்கால் வரும். பிள்ளைகள் "மூளி" என்றார்கள். நான் அதட்டவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். வாசிக்க எல்லாரையும் எழுப்பினேன், அவனைத் தவிர. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துப் பாஸ் செய்தவள் நான். அவன் அம்மா கிரகணத்தில் எதையோ வெட்டியிருப்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் இதைப் படித்தால், டீச்சர் மன்னிப்புக் கேட்கிறேன் ராஜா.

மாப்பிள்ளை வீட்டாரே, பெயர் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாப்பிள்ளையை அனுப்புங்கள். ஒரு சிறு குழாய் ரத்தம்தான். அந்தப் பெண் சிந்திய கண்ணீரைவிடக் குறைவு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்