சாப்பாட்டுச் சுற்றுலாவா? நாலு கேள்வி கேளுங்க!

இப்போதெல்லாம் செட்டிநாட்டுக்கு, 'சாப்பாட்டுச் சுற்றுலா' என்று நிறைய பேர் அழைத்துப் போகிறார்கள். காரைக்குடி போக நாங்கள் இரண்டு இடத்தில் விசாரித்தோம். ஒன்றில், ஏ.சி., ஓட்டலில் இலை நிறைய விருந்து; அத்தோடு சரி. மற்றொன்றில், எட்டு பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், காலையில் சந்தை, பிறகு ஒரு ஆச்சி வீட்டு அடுப்படி என்றார்கள். இதற்கே பணம் கட்டினோம்.

வெள்ளைப் பணியாரத்துக்கு, பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக உளுந்து வைக்கணுமாம். இந்த அளவை ஆச்சி கையால் காட்டித்தான் கற்றுக்கொண்டேன். கவுனி அரிசி, பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கொண்டு வந்தது என்பதும் அங்கே கேட்ட கதைதான். ஓட்டல் மேஜையில் இதையெல்லாம் யார் சொல்வாங்க?

அதனால், பணம் கட்டும் முன் கேளுங்கள்: சமைப்பது அந்த ஊர்க்காரங்களா? அவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் உண்டா? மளிகை, காய்கறி உள்ளூரில் வாங்குவதா? முக்கியமாக, நாம் கொடுக்கும் காசில் சமைத்தவருக்கு எவ்வளவு?

காலமெல்லாம் அடுப்படியில் வெந்த கைப்பக்குவத்தை, 'பாரம்பரியம்' என்று விளம்பரம் செய்து யாரோ சம்பாதிக்க, ஆச்சிக்கு வெறும், 'நன்றி' மட்டும் போதுமா? வீட்டில்தான் நம் சமையலுக்குச் சம்பளம் கிடையாது, வெளியிலுமா?

கூச்சப்படாமல் கேளுங்க தோழியரே... பதில் சொல்லத் தயங்கினால், வேறு இடம் பாருங்க!

— ஒரு வாசகி, மதுரை.