எல்லா ஞாயிறும் ரேஸ் நாள் இல்லை

உங்க ஹாஸ்டல் ரூம் ஆணியில எத்தனை மெடல் தொங்குது? என் ரூம்ல, போன வருஷம் கோவா போட்டிக்கு முந்தைய மூணு மாசத்தில் வாங்கினது மட்டும் ஆறு. பார்க்க நல்லாத்தான் இருந்தது. அந்த ஆறும் சேர்ந்து என்கிட்டயிருந்து எதை எடுத்துக்கிட்டுப் போச்சுன்னு கோவாவில்தான் தெரிஞ்சது.

நம்ம காலேஜ்ல இந்த வருஷம் நாலஞ்சு பேர் கோவா அயர்ன்மேன் 70.3-க்குத் தயாராகுறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுறேன். தெரியாதவங்களுக்காக: 1.9 கிமீ கடல் நீச்சல், 90 கிமீ சைக்கிள், 21.1 கிமீ ஓட்டம். மூணும் அடுத்தடுத்து, ஒரே நாளில். மூன்றையும் மைலில் கூட்டினால் வருவதுதான் அந்த 70.3. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்கணும்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. நமக்கு வார நாளில் லேப், அசைன்மென்ட், இன்டர்னல்ஸ். காலையில் ஒரு மணி நேரம் கிடைச்சா பெரிசு. நீண்ட பயிற்சிக்கு மிச்சம் இருப்பது சனியும் ஞாயிறும்தான். சனிக்கிழமை ஈசிஆர்ல நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம். இதில் ஞாயிற்றுக்கிழமை ஒரு 10 கிமீ ரேஸ் வந்தா என்ன ஆகும்? சனிக்கிழமை "காலைக் காப்பாத்தணும்"னு சைக்கிளைச் சுருக்குவோம். ஞாயிறு ஒரு மணி நேரத்துக்குள் உயிரைக் கொடுத்து ஓடுவோம். திங்கள், செவ்வாய் மாடிப்படி இறங்கவே முடியாது. 10 கிமீ ரேஸ் தின்றது பத்து கிலோமீட்டரை அல்ல, நாலு நாளை.

ஆறு ரேஸ், ஆறு வாரம். என் பன்னிரண்டு வாரப் பயிற்சி பாதியாச்சு. 90 கிமீ ஓட்டி இறங்கினதும் உடனே ஓடுற பயிற்சியை மொத்தமே இரண்டு தடவைதான் செஞ்சிருந்தேன். கோவாவில் 60 கிமீ தாண்டினதும் தொடையில் தசைப்பிடிப்பு. ஓட்டம் தொடங்கினதும் பழைய ஹாஃப் மாரத்தானில் வாங்கின கால் வலி எட்டிப் பார்த்தது. பாதிக்கு மேல் நடந்தேன். நேரம் முடிய பதினோரு நிமிஷம் இருக்கும்போது கோட்டைத் தொட்டேன். முடிச்சதில் சந்தோஷம்தான். ஆனா ஒரு வருஷ உழைப்புக்கு வந்த பலன் அது இல்லைன்னு எனக்கே தெரியும்.

ரேஸும் ஒரு பயிற்சிதானேன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா நீண்ட தூரத்துக்கான பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்துல வர்றவனோட பேசிக்கிட்டே போகக்கூடிய வேகம். நெஞ்சில் நம்பர் அட்டை குத்தினப்புறம் அந்த வேகத்தில் யார் போறோம்? மாடல் எக்ஸாம் தேவைதான். வாரா வாரம் மாடல் எக்ஸாமே எழுதிக்கிட்டிருந்தா சிலபஸை எப்போ முடிக்கிறது?

அதுக்காக ரேஸே வேண்டாம்னு சொல்ல வரல. காலை ஐந்து மணிக்குத் தனியா ஓடுறது எவ்வளவு போர்னு எனக்கும் தெரியும். கூட்டம், நண்பர்கள், முடிச்சப்புறம் கிடைக்கிற இட்லி, பொங்கல், இதெல்லாம் வேணும். இந்த விளையாட்டு பிறந்ததே ரேஸ்களிலிருந்துதான். 1978-ல் ஹவாயின் ஓஹாஹூ தீவில், தனித்தனியா நடந்துக்கிட்டிருந்த ஒரு கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் போட்டி, ஹொனலுலு மாரத்தான் மூணையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்த்தாங்க. 15 பேர் தொடங்கி 12 பேர் முடிச்சாங்க. அவங்க மூணை ஒண்ணாக்கினாங்க. நாம அதைத் திரும்பப் பிரிச்சு வாரம் ஒண்ணா ஓடிக்கிட்டிருக்கோம்.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

ஒண்ணு, இந்த ரேஸ் எனக்குப் புதுசா என்ன கத்துக்கொடுக்கும்? கடல் நீச்சல் போட்டின்னா கண்டிப்பா போங்க. முகத்துல அடுத்தவன் கால் படுறதுக்கு நீச்சல் குளத்தில் பழக முடியாது. 1.5, 40, 10 கிமீ கொண்ட ஒலிம்பிக் தூர டிரையத்லான் கிடைச்சா அதுவும் நல்லது. ஈர உடம்போட ஷூ மாட்டுறது, சைக்கிள்ல சாப்பிடுறது எல்லாத்துக்கும் அதுதான் ஒத்திகை.

இரண்டு, முன்னும் பின்னும் எத்தனை நாள் போகும்? முழு மாரத்தான்னா நாள் இல்லை, வாரக்கணக்கு. கடைசி இரண்டு மாசத்தில் அதைத் தொடாதீங்க.

மூணு, என்னால மெதுவா ஓட முடியுமா? முடியும்னா, ரேஸுக்கு முன்னாடி ஒரு 6 கிமீ மெல்ல ஓடிட்டு, ரேஸையும் அதே வேகத்தில் முடிங்க. அது நீண்ட ஓட்டக் கணக்கில் சேரும். நண்பன் முந்திப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுன்னா, வீட்டிலேயே இருங்க.

பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சும்மாவா சொன்னாங்க? இந்த வருஷம் பன்னிரண்டு வாரத்துக்கு எனக்கு இரண்டே ரேஸ். ஒரு நீச்சல், ஒரு குட்டி டிரையத்லான். வாட்ஸ்ஆப் குரூப்ல தினமும் புது லிங்க் வருது, கை பரபரன்னுதான் இருக்கு. ஆனா மிச்சமாகிற காசில் இரண்டு டியூபும் ஒரு நல்ல டயரும் வாங்கியாச்சு.

வர்ற சனிக்கிழமை காலை 4.45, ஹாஸ்டல் கேட். ஈசிஆர்ல 80 கிமீ, பேசிக்கிட்டே போற வேகம். மெடல் யாரும் தரமாட்டாங்க. தண்ணி பாட்டிலை நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க.